ஒற்றைக் கோடு விழுந்தால் மாட்டுக்கு நோய் இல்லையா?

கொரோனா வந்துபோன பிறகு ‘கிட்’ என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குச்சியில் தொட்டு, 3 சொட்டு விட்டு, 15 நிமிடம் காத்திருந்து, சி பக்கம் ஒரு கோடு, டி பக்கம் ஒரு கோடு. சி மட்டும் விழுந்தால் நோய் இல்லை, இரண்டும் விழுந்தால் நோய். மாட்டுக்கும் அந்த மாதிரி இருக்கிறதாமே என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் மனிதனுக்குப் பழகிய கணக்கை அப்படியே கொட்டகைக்குக் கொண்டுபோனால் ஏமாந்துபோவோம். கோடு விழுவது கடைசி 15 நிமிடத்து வேலை. அந்தக் கோட்டை நம்பலாமா கூடாதா என்பது, எந்த மாட்டில், நோயின் எத்தனையாவது நாளில், உடம்பின் எந்த இடத்திலிருந்து மாதிரி எடுத்தோம் என்பதிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

காலாவதியான கேசட் (கோடு விழும் பட்டையை வைத்த பிளாஸ்டிக் கூடு) ஒன்று கிடைத்தால் கத்தி முனையால் நெம்பித் திறந்து பாருங்கள். சொட்டு விடும் குழிக்கு நேர்கீழே பஞ்சு மாதிரி ஒரு துண்டு. அதை ஒட்டிச் செந்நிறச் சாயம் ஏறிய சின்னத் துண்டு. நுண்ணிய தங்கத் துகளோடு, வைரஸைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பிணைத்து உலர்த்தி வைத்திருப்பது அதில்தான். கோட்டின் சிவப்பு நிறம் அந்தத் தங்கத்தின் நிறம். அடுத்து வெள்ளைத் தாள், அதில் கண்ணுக்குத் தெரியாமல் தடவிய இரண்டு வரிகள். கடைசியில் ஈரத்தை இழுக்கும் தடித்த அட்டை. வைரஸ் இருந்தால் அது தங்கத் துகளையும் பிடித்துக்கொண்டு டி வரியில் போய் மாட்டிக்கொள்ளும். சி வரிக்கு வைரஸே வேண்டாம். தங்கத்தோடு வரும் ஆன்டிபாடியையே அது பிடித்துக்கொள்ளும். அதனால் மாதிரி எதுவும் கலக்காமல் வெறும் பஃபரை (கிட்டோடு வரும் கரைசலை) 3 சொட்டு விட்டாலும் சி கோடு பளிச்சென்று விழும். ‘சி கோடு வந்துவிட்டது, டெஸ்ட் சரியாகத்தான் நடந்திருக்கிறது’ என்பதில் பாதிதான் உண்மை. திரவம் ஓடியிருக்கிறது, பட்டை கெடவில்லை, அவ்வளவுதான். குச்சியில் நாம் எடுத்தது புண்ணின் தோலா, தவிட்டுத் தண்ணீரா என்பது சி கோட்டுக்குத் தெரியாது.

அடுத்த குழப்பம் இதைவிடப் பெரியது. கிட்டில் இரண்டு சாதி. வைரஸின் துண்டையே தேடுவது ஆன்டிஜென் கிட். வைரஸுக்கு எதிராக மாட்டின் ரத்தத்தில் உருவான ஆன்டிபாடியைத் தேடுவது ஆன்டிபாடி கிட். பெட்டியின் மேல் இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே கண்ணில் படும். வாயிலும் குளம்பிலும் கொப்புளம் போடும் கோமாரிக்கு ஆன்டிபாடி கிட்டை வாங்கி, 6 மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போட்ட மாட்டில் பார்த்தால் டி கோடு விழத்தான் செய்யும். விழவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். புதுவையின் மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தையில் அப்படியொரு கோட்டைக் காட்டி, ‘கோமாரி மாடு’ என்று யாராவது 5,000 ரூபாய் அடித்துக் கேட்டால், அது தடுப்பூசிக்குப் போடும் அபராதம்.

இந்தச் சிக்கலுக்கு வழி உண்டு. தடுப்பூசி தயாரிக்கும்போது வைரஸின் மேலுறைப் புரதங்களை வைத்துக்கொண்டு, அது பெருகும்போது மட்டும் உருவாகும் புரதங்களைச் சுத்திகரித்து நீக்கிவிடுகிறார்கள். நீக்கிய அந்தப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி ஒரு மாட்டில் இருந்தால், அது உண்மையான வைரஸைச் சந்தித்திருக்கிறது என்று பொருள். நம் நாட்டில் 3ஏபி3 எலைசா என்ற பெயரில் ஆய்வகத்தில் நடக்கும் ரத்தப் பரிசோதனை இதுதான். அதற்கும் இரண்டு வரம்பு. நோய் தொற்றி ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் கழித்தே அந்த ஆன்டிபாடி தலைகாட்டும். வந்தால் மாதக்கணக்கில் போகாது. ‘எப்போதோ வந்திருக்கிறது’ என்று சொல்லும், ‘இன்று இருக்கிறது’ என்று சொல்லாது. போதாதற்குச் சுத்திகரிப்பு குறைந்த தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போட்ட மாட்டிலும் சில நேரம் எட்டிப்பார்க்கும். எந்த ஆன்டிபாடி முடிவைக் கையில் எடுத்தாலும் முதலில் காதிலுள்ள 12 இலக்கத் தோட்டு எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணை வைத்துத் தடுப்பூசிப் பதிவைத் தேட முடியும்.

இனி கோமாரிக்கே வருவோம். கிட்டுக்கு அதிக வேலை இருப்பதும், அதிகம் தப்பாகப் போவதும் இதில்தான்.

நம் நாட்டில் சுற்றுவது ஓ, ஏ, ஆசியா 1 என்ற 3 வகை. சி வகை 1995-க்குப் பிறகு இங்கே தென்படவில்லை. தடுப்பூசியிலும் இந்த 3 வகைதான். கொட்டகையில் வைத்துப் பார்க்கும் ஆன்டிஜென் பட்டைகளில் பெரும்பாலானவை கோமாரியா இல்லையா என்பதோடு நின்றுவிடும். எந்த வகை என்று சொல்வது ஆய்வக வேலை.

மாடு காய்ச்சலில் படுத்து, சப்புக்கொட்டி, கயிறு மாதிரி எச்சில் ஒழுக ஆரம்பித்ததும் நாள் எண்ணத் தொடங்குங்கள். கொப்புளம் உடையாமல் பளபளவென்று நிற்பது முதல் நாள். இரண்டாம் நாள் உடைந்து, தோல் தொங்கலாக, அடியில் சிவந்த சதை தெரியும். மூன்றாம் நாள் ஓரம் தெளிவாகத் தெரிகிற பள்ளம். அதற்கப்புறம் பள்ளத்தின் மேல் மஞ்சள் கலந்த வெண்படலம் மூடும். ஒரு வாரம் ஆனால் தழும்பு ஏறத் தொடங்கும். பட்டைக்கு வேண்டியது முதல் 3 நாள் சரக்கு. படலம் மூடிய புண்ணிலிருந்து எடுத்துவிட்டு ‘நெகட்டிவ்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. கொட்டகையில் 6 மாடு படுத்திருந்தால் ரொம்ப மோசமாக இருக்கும் மாட்டை நோக்கி எல்லோரும் போவார்கள். நீங்கள் நேற்றோ இன்றோ காய்ச்சல் கண்ட மாட்டிடம் போங்கள். புண் எல்லாம் ஆறிப்போய்க் குளம்பு கழன்று நிற்கும் மாட்டில் நோய் தெரியும், வைரஸ் குறைந்திருக்கும்.

மாதிரி எடுக்கப் போவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: வாயைக் கழுவினீர்களா, எதைக் கொண்டு? படிகாரத் தண்ணீர், பெர்மாங்கனேட், புளிக்கரைசல், வினிகர், எது பட்டிருந்தாலும் அந்த வாய் இப்போதைக்கு உதவாது. கோமாரி வைரஸுக்குப் புளிப்பு ஆகாது, பிஹெச் (அமில, கார அளவு) 6-க்குக் கீழே போனால் உடைந்துவிடும். தேங்காய்த் துருவலில் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவுவது நம் பக்கம் வழக்கம், கால்நடைப் பல்கலைக்கழகமே சொல்லித்தருகிற மருந்து. தாராளமாகத் தடவுங்கள், மாதிரி எடுத்த பிறகு. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அப்பிய தோலைக் கரைத்துப் பட்டையில் விட்டால் பட்டை முழுக்கக் கறை ஏறும், மங்கலான கோடு அதில் காணாமல் போகும்.

வாய் கெட்டுவிட்டதா? குளம்பிடுக்கைப் பாருங்கள். ஆனால் சாணியும் சேறும் அப்பியிருக்கும் இடம் அது. சாதாரணத் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, தொங்கும் தோலை இடுக்கியால் பிடித்துக் கத்தரிக்கவும். ஸ்பிரிட், டெட்டால் வேண்டாம். உடையாத கொப்புளம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1 மில்லி சிரிஞ்சில் உள்ளிருக்கும் நீரை இழுத்துக்கொண்டால் அதைவிட நல்ல மாதிரி இல்லை.

தோலில் பயறளவு துண்டு போதும் பட்டைக்கு. கிட்டோடு வரும் குழாயில் பஃபரோடு போட்டு, உள்ளே வரும் சின்னக் குழவியால் ஒரு நிமிடமாவது நன்றாக நசுக்க வேண்டும். வெறுமனே குலுக்கினால் வைரஸ் தோலுக்குள்ளேயே இருந்துவிடும். நசுக்கியதைச் சற்று நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். ரத்தமும் சதைத் துணுக்கும் சேர்ந்து போனால் திரவம் பாதி வழியில் நின்றுவிடும். அப்புறம் சி-யும் இல்லை, டி-யும் இல்லை.

மிச்சத் தோல் ஆய்வகத்துக்கு. குறைந்தது 1 கிராம், இரண்டு புளியங்கொட்டை அளவு வைத்துக்கொள்ளுங்கள். போட வேண்டியது பாஸ்பேட் பஃபரும் கிளிசரினும் சரிபாதி கலந்த திரவத்தில், பிஹெச் 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில். பலரும் சட்டென்று கைக்குக் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் சலைன் பாட்டிலை உடைத்து அதில் போட்டுவிடுகிறார்கள். உப்புநீர்தானே, என்ன ஆகிவிடும் என்று. சாதாரண சலைனில் புளிப்பை அடக்கும் பஃபர் உப்பு கிடையாது, அதன் பிஹெச் பெரும்பாலும் 5.5 பக்கம் நிற்கும். மாட்டிலிருந்து உயிரோடு எடுத்த வைரஸை நாமே அமிலத்தில் போட்டு அனுப்புகிறோம். ஆய்வகத்திலிருந்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் அப்புறம் ஆய்வகத்தைத் திட்டுவோம்.

அபூர்வமாக ஒரு விசித்திரமும் நடக்கும். கொப்புள நீரை அப்படியே விட்டால், வைரஸ் அளவுக்கு மீறி இருப்பதால் தங்கத்திலும் ஒட்டி, டி வரியையும் தனியாகப் போய் அடைத்துக்கொள்ளும். நடுவில் பாலம் விழாது, கோடும் விழாது. மாட்டைப் பார்த்தால் கோமாரி என்று அடித்துச் சொல்ல முடிகிறது, பட்டை மட்டும் இல்லை என்கிறது என்றால், ஒரு பங்கு நீருக்கு 9 பங்கு பஃபர் சேர்த்து இன்னொரு கேசட்டில் பாருங்கள்.

சரி, கோடு விழுந்தது, அல்லது விழவில்லை. எவ்வளவு நம்புவது? கணக்குக்காக ஒரு கிட்டை எடுத்துக்கொள்வோம். நோயுள்ள 100 மாட்டில் 80-ஐப் பிடிக்கும், நோயில்லாத 100-இல் 95-ஐச் சரியாக விட்டுவிடும். ஆரோக்கியமாகத் தெரியும் 100 மாட்டுப் பண்ணையில், உள்ளுக்குள் 5 மாட்டுக்கு மட்டும் தொற்று என்று வையுங்கள். அந்த 5-இல் 4 மாட்டில் இரண்டு கோடு விழும். நோயில்லாத 95-இலும் ஏறக்குறைய 5 மாட்டில் விழும். மொத்தம் 9 மாட்டில் இரண்டு கோடு, அதில் பாதிக்கு மேல் பொய். இப்போது அதே கிட்டை, வாயில் புண்ணும் எச்சிலுமாக நிற்கும் 100 மாட்டில் பாருங்கள், 80 மாட்டுக்கு உண்மையில் நோய் என்று வைத்து. 64 மாட்டில் சரியாக விழும், பொய்யாக ஒன்றில் விழும். இரண்டு கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஆனால் ஒற்றைக் கோடு விழுந்த 35 மாட்டில் 16 நோய் மாடு, ஏறக்குறைய பாதி.

கிட் அதேதான், கோடும் அதேதான். மாடு மாறியதும் கோட்டின் பொருள் தலைகீழாகிவிட்டது. அதனால்தான் நோய்க்குறி இல்லாத மாட்டைச் சந்தையில் வாங்கும்போது பட்டை போட்டுப் பார்ப்பது எனக்குக் காசைக் கரியாக்கும் வேலையாகத் தோன்றுகிறது. அந்தக் காசுக்கு வாங்கிய மாட்டை வேறு கொட்டகையில் 21 நாள் தனியாகக் கட்டித் தீவனம் போடலாம். படுத்த மாட்டில் பார்ப்பதென்றால் ஒன்றோடு நிற்காதீர்கள். இதே கணக்கில் 3 நோய் மாட்டைப் பார்த்தால் மூன்றிலும் கிட் கோட்டைவிடுவது 1,000-க்கு 8 முறைதான். மூன்றிலும் படலம் மூடிய பழைய புண்ணிலிருந்து எடுத்திருந்தால் இந்தக் கணக்கு ஓடாது. மூன்றும் சேர்ந்தே கவிழும்.

தோல் கழலை நோய்க்கு, அதாவது 2019-இல் ஒடிசாவில் முதலில் தெரிந்து 2022-இல் குஜராத்தையும் ராஜஸ்தானையும் புரட்டிப்போட்ட லம்பிக்கு, பட்டையைவிடப் பிசிஆர்தான் பேசும். இங்கே ரத்தத்தை நம்பாதீர்கள். வைரஸ் ரத்தத்தில் சில நாள்தான் ஓடும், கட்டியிலும் அதன் பொருக்கிலும் வாரக்கணக்கில் இருக்கும். உறுதியாக, தோலின் முழுக் கனத்துக்கும் இறங்கிய புதுக் கட்டியாகப் பார்த்து, மயிரைக் கத்தரித்து, சுற்றிலும் 2 சதவீத லிக்னோகெய்ன் போட்டு மரத்த பிறகு 6 மில்லிமீட்டர் ‘பஞ்ச்’ என்ற வட்டக் கத்தியால் ஒரு துண்டு எடுப்பது டாக்டர் வேலை. பொருக்கு தானாகக் கழன்று வருகிற நிலையில் இருந்தால் இடுக்கியே போதும், காயாமல் மூடிய குழாயில் போட்டுவிடலாம். ஃபார்மலினில் போட்டுவிட்டுப் பிசிஆர் கேட்காதீர்கள். ரத்தமும் அனுப்புவதானால் ஊதா மூடி இடிடிஏ குழாயில், 8, 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி. பச்சை மூடிக் குழாயிலுள்ள ஹெப்பாரின் பிசிஆரையே தடுத்துவிடும். லம்பிக்குத் தடுப்பாக ஆட்டம்மைத் தடுப்பூசி சமீபத்தில் போட்டிருந்தால் சீட்டில் தேதியோடு எழுதுங்கள். லம்பி வைரஸும் ஆட்டம்மை வைரஸும் கேப்ரிபாக்ஸ் என்ற ஒரே இனம், அந்த இனத்தைப் பொதுவாகத் தேடும் பிசிஆருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜெர்சிக் கலப்பினத்துக்கு 105, 106 டிகிரி காய்ச்சல், தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டியிருக்கிறது, உடம்பில் உண்ணி. வைரஸ் கிட்டை மூடி வையுங்கள். காது நரம்பில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவி, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்ப்பது முதல் வேலை. உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணிகளான தைலீரியா, பேபீசியா இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, நாள் தள்ளினால் மாடு தங்காது. காப்பித் தண்ணி மாதிரி மூத்திரம் போகிறது என்றால் கேட்கவே வேண்டாம்.

கிட்டுக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடும் இடம் ஒன்று உண்டு. கன்றுக் கழிச்சல். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை காயாத கொட்டகையில் கன்றுகள் வரிசையாகக் கழியும்போது, ஒரே சாண மாதிரியில் ரோட்டா, கொரோனா, ஈ.கோலை கே99, கிரிப்டோஸ்போரிடியம் என்ற நான்கு கிருமிகளையும் பார்க்கும் பட்டை காசுக்கு மேல் வேலை செய்யும். (இந்தக் கொரோனா மாட்டுக் கொரோனா, நமக்கு வந்தது இல்லை.) வயதே பாதி சொல்லிவிடும். பிறந்த 4 நாளுக்குள் என்றால் ஈ.கோலை மேல் சந்தேகம். 5 நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ரோட்டா. கொரோனா மூன்று வாரம், அதற்கு மேலும் இழுக்கும். கிரிப்டோ ஒரு வாரத்துக்கு மேல்.

சாணத்தைத் தரையிலிருந்து வழிக்காதீர்கள். கையுறை போட்ட விரலால் ஆசனவாயைத் தடவினாலே கன்று போடும், நேராகக் குப்பியில் பிடியுங்கள். கழிச்சல் தொடங்கிய முதல் நாளிலும் மறுநாளும் வைரஸ் கொட்டும், அப்புறம் குறைந்துகொண்டே போகும். பஃபரில் பட்டாணி அளவு போதும். இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, நிறையப் போட்டால் நன்றாகத் தெரியும் என்று குப்பி நிறையப் போடுவது. சாணத்தின் சளியும் பால் கட்டியும் பஞ்சை அடைத்து, 15 நிமிடம் ஆகியும் ஈரம் பாதித் தாளைத் தாண்டாது. குலுக்கி, 2 நிமிடம் படியவிட்டு, மேல் தண்ணீரை எடுங்கள். ஒரே கன்றில் ரோட்டா கோடு மங்கலாக விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். கழியாத கன்றும் கொஞ்சம் ரோட்டா போடும். 3, 4 கன்றில் பளிச்சென்று விழுந்தால் வழக்கு முடிந்தது.

முடிந்ததால் என்ன லாபம்? ஆன்டிபயாடிக் ஊசிக்குக் கை போகாது. வைரஸ் கழிச்சலில் கன்று சாவது தண்ணீரும் உப்பும் போவதால். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம், 20.5 கிராம், 1 லிட்டர் தண்ணீருக்கு. 30 கிலோக் கன்றுக்கு ஒரு வேளைக்கு 2 லிட்டர், நாளைக்கு 2, 3 வேளை. பாலை நிறுத்தாதீர்கள், ஆனால் ஓஆர்எஸ்ஸைப் பாலோடு கலக்காதீர்கள். அதிலுள்ள சிட்ரேட், வயிற்றில் பால் திரிவதைக் கெடுக்கும். 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கன்று எழுந்து நிற்கவில்லை, உறிஞ்சவில்லை, கண் உள்ளே போய்விட்டது என்றால் வாய்வழியாக ஊற்றிப் புண்ணியமில்லை, நரம்பில் ஏற்ற வேண்டும். ஈ.கோலையோ ரத்தக் கழிச்சலோ என்றால் டாக்டரின் கணக்கு வேறு.

வெறிநோய் பற்றி ஒரே பத்தி, ஆனால் முழுதாகப் படியுங்கள். மாடு தீனி எடுக்காமல், எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்திக்கொண்டு நின்றால், தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருக்கும் என்று கையை உள்ளே விடுவது நம்மூர் வழக்கம். விடாதீர்கள். கோமாரியிலும் எச்சில் ஒழுகும், ஆனால் அதில் புண் இருக்கும். வெறிநோய்க்குப் பட்டை கிட் உண்டு, அது பார்க்க வேண்டியது செத்த மாட்டின் மூளைத் தண்டில். எச்சிலில் வைரஸ் விட்டுவிட்டு வரும், எச்சிலில் விழுந்த ஒற்றைக் கோட்டுக்குக் காலணா மதிப்பில்லை. தலையைப் பிளக்காமல் பிடரிப் பெருந்துளை வழியாகவே மூளைத் தண்டுத் துண்டு எடுக்க முடியும், அதுவும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டவர் கையால். பட்டை என்ன சொன்னாலும் ஃபுளோரசன்ட் ஆன்டிபாடிப் பரிசோதனைக்கு மாதிரி போக வேண்டும். கையில் எச்சில் பட்டவர் எந்த முடிவுக்கும் காத்திருக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனை.

பட்டைக்கும் பிசிஆருக்கும் நடுவே லேம்ப் என்று ஒரு முறை இருக்கிறது. பெரிய இயந்திரம் வேண்டாம், 60-க்கும் 65 டிகிரிக்கும் நடுவில் சூடு நிற்கிற ஒரு பெட்டியில் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை குழாயை வைத்தால், ரோஸ் நிறம் மஞ்சளானால் பாசிட்டிவ். வேதியியல் எளிது: மரபுப்பொருள் பெருகும்போது அமிலம் வெளிவரும், சாயம் நிறம் மாறும். அதனாலேயே மாட்டு எச்சிலை நேராக ஊற்றினால் கவிழும். மாட்டு எச்சிலில் சோடா உப்பு ஏராளம், பிஹெச் 8-க்கு மேல். அசை போட்ட இரையின் அமிலத்தை அடக்குவதற்கென்றே அமைந்த திரவம் அது, குழாயில் வரும் துளி அமிலத்தை விட்டுவைக்குமா? வைரஸ் இருந்தும் ரோஸாகவே நிற்கும். ஆர்என்ஏ பிரித்தெடுத்த பிறகே பார்க்க வேண்டும். முடிந்த குழாயைத் திறக்கவும் கூடாது. ஒருமுறை திறந்தால் அதிலிருந்து பறக்கும் பிரதிகள் மேசை, பிப்பெட், கையுறை எல்லாவற்றிலும் ஒட்டி, அடுத்த நாளிலிருந்து பார்க்கும் மாடெல்லாம் பாசிட்டிவ்.

கடலோர வெயிலும் ஈரமும் கிட்டுக்கு ஆகாது. உறையில் 2-லிருந்து 30 டிகிரி என்று போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் கடலூர் வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று கையை விட்டுப் பார்த்தால் தெரியும். தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள், ஆனால் உறைந்த ஜெல் பேக்கின் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தாலும் கெடும். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்தவுடன் உறையைக் கிழித்தால் பட்டையில் வியர்க்கும். அரை மணி வெளியில் வைத்துப் பிறகு கிழியுங்கள். மழைக்காலத்தில் முதலில் மாதிரியை நசுக்கித் தயாராக வைத்துக்கொண்டு, கடைசியில் கேசட்டைப் பிரியுங்கள். உள்ளே இருக்கும் சிலிக்கா பொட்டலம் நிறம் மாறியிருந்தால் அந்தக் கேசட் வேண்டாம்.

கேசட்டை வைக்க வேண்டியது சமதளத்தில். தவிட்டு மூட்டைமேல் வைத்தால் திரவம் ஒரு பக்கமாக ஓடும். டிராப்பரைச் செங்குத்தாகப் பிடியுங்கள், குமிழி விழுந்தால் அதைச் சொட்டாக எண்ணாதீர்கள். மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டாம். சொன்ன நேரத்தில் படித்து, கைபேசியில் படம் எடுத்து, மாட்டின் தோட்டு எண்ணையும் அதே படத்தில் வையுங்கள். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தால் டி இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் தெரியும். தாள் காய்ந்த தடம் அது. மங்கலான கோடும் கோடுதான், ஆனால் அதற்குச் சிவப்பு இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கடம் வரைபடம். புதுவையின் பாகூர் வயலும் தமிழ்நாட்டின் கடலூர் வயலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. மாடு எல்லை பார்த்து மேய்வதில்லை. கால்நடைத் துறை மட்டும் இரண்டு, பதிவேடும் இரண்டு. வரப்புக்கு இந்தப் பக்கம் கோடு விழுந்த செய்தி அந்தப் பக்கத்துக்குத் தானாகப் போகும் என்று இருக்காதீர்கள். இரண்டு பக்கத்து மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். கோமாரி மாதிரி நோயை மறைக்காமல் தெரிவிப்பது 2009-ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி மாட்டுக்காரரின் கடமையும்கூட. தமிழ்நாட்டுப் பக்கம் மாவட்டங்களில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. புதுவையில் குரும்பாபேட்டில் ராஜீவ்காந்தி கால்நடைக் கல்வி நிறுவனம்.

கொட்டகையை விட்டுக் கிளம்பும் முன் சோடாக் கரைசல். 1 லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா, செருப்பு, கைக்கருவி, வாளி எல்லாவற்றுக்கும். ஆப்பச் சோடா வேறு, அதற்கு அந்தக் காரம் கிடையாது. சோடாவோடு வினிகரையும் சேர்த்து ஊற்றினால் ஒன்றையொன்று தின்றுவிடும், மிஞ்சுவது உப்புத் தண்ணீர். லம்பி வந்த கொட்டகைக்கு 2, 3 சதவீத ஹைப்போகுளோரைட். அதனோடு எந்த அமிலத்தையும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு நம்மையே அடிக்கும். அன்றைக்கு வேறு கொட்டகைக்குப் போகாதீர்கள். பால் ஊற்றப் போவதானாலும் குளித்து, உடை மாற்றி.

ஒற்றைக் கோடு விழுந்த கேசட்டைச் சோடாவில் ஊறப்போட்டுப் புதைத்துவிடலாம். இரண்டு கோடு விழுந்ததைச் சோடாவில் போடாதீர்கள். அந்தப் பட்டையில் ஒட்டியிருக்கும் வைரஸிலிருந்தே ஆய்வகத்தால் ஆர்என்ஏ எடுத்து ஓ-வா, ஏ-யா, ஆசியா 1-ஆ என்று பார்க்க முடியும், காரம் பட்டால் அது போய்விடும். இரண்டு ஜிப் உறைக்குள் போட்டு, வெளியுறையை மட்டும் சோடாவால் துடைத்து, தோட்டு எண், முதல் கொப்புளம் கண்ட தேதி, கடைசித் தடுப்பூசித் தேதி மூன்றையும் பென்சிலால் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். பேனா மை ஜெல் பேக்கின் ஈரத்தில் கரைந்துவிடும்.